ஆல்-இன்-ஒன் டிராவல் அடாப்டர்: ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கும் முன்

வெளிநாடு போகிறேன், பிளக் வேண்டும் என்று சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் பெரும்பாலும் முதலில் கைக்கு வருவது சோப்புக்கட்டி அளவிலான ஆல்-இன்-ஒன் அடாப்டர்தான். பக்கவாட்டுப் பட்டன்களைத் தள்ளினால் அமெரிக்கா, ஐரோப்பா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று நான்கு விதப் பின்கள் வெளியே வரும். அட்டையில் 150 நாடுகள் என்று போட்டிருப்பார்கள். பின் நுழையும் என்ற அளவில் அது சரி. ஆனால் நுழைந்த பிறகு பொருள் ஓடுமா என்பது வேறு விஷயம்.

இது பின்னை மட்டுமே மாற்றும், வோல்ட்டேஜை மாற்றாது. வீட்டில் 230 வோல்ட். அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. போன், லேப்டாப் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். இன்புட் 100–240 வோல்ட் என்று இருந்தால் எங்கும் ஓடும். பேரன் பேத்தியைப் பார்க்க நியூஜெர்சி போகும் தாத்தா பாட்டியின் பெட்டியில் இருக்கும் மிக்ஸியும் ரைஸ் குக்கரும் அந்த ரகம் இல்லை. 700 வாட் குக்கர் 120 வோல்ட்டில் சுமார் 190 வாட்தான் தரும். அரிசி ஊறிக்கொண்டே கிடக்கும். மிக்ஸி மெதுவாகச் சுற்றும், இட்லி மாவு அரைபடாது. அமெரிக்காவுக்கென்று ப்ரீத்தி போன்ற கம்பெனிகள் 110 வோல்ட் மிக்ஸி தயாரிக்கின்றன, அதை வாங்குவதே சரி. ஆபத்து அதிகம் மறுபக்கத்தில்தான்: 120 வோல்ட்டுக்கு மட்டுமே செய்த ஹேர் டிரையரை அங்கிருந்து கொண்டுவந்து சென்னையில் அடாப்டரில் சொருகினால், கிட்டத்தட்ட நான்கு மடங்கு வாட் இழுத்துக் கருகிவிடும்.

எர்த் விஷயத்தில்தான் இந்தப் பெட்டிகளில் பல கோட்டை விடுகின்றன. நம் மூன்று பின் பிளக்கின் தடித்த எர்த் பின்னுக்கு அவற்றில் துளையே இருக்காது, அல்லது துளை இருந்தும் உள்ளே கனெக்‌ஷன் இருக்காது. இங்கிலாந்துப் பின்களில் நீளமானது பிளாஸ்டிக்காக இருந்தால், அது அந்த ஊர்ப் பிளக் பாயின்ட்டின் துளைகளை மூடியிருக்கும் ஷட்டரைத் திறக்க மட்டுமே பயன்படும். எர்த் கிடைக்காமல் உலோக உடல் கொண்ட லேப்டாப்பைச் சார்ஜ் போட்டால், கை வைக்கும்போது லேசாகச் சுர்ரென்று இருக்கும். அயர்ன் பாக்ஸ், கெட்டில் மாதிரி எர்த் கட்டாயமான பொருளை இதில் மாட்டவே கூடாது.

அடுத்தது ஃப்யூஸ். 6 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 230 வோல்ட்டில் 1,380 வாட்தான் தாங்கும். 120 வோல்ட்டில் 720. ஃப்யூஸே இல்லாத மலிவுச் சரக்கும் விற்கிறார்கள், அதைத் தொடாதீர்கள். ஐரோப்பாவில் இன்னொரு தொல்லை. ஜெர்மனி போன்ற நாடுகளில் பிளக் பாயின்ட் வட்டமாக, சுவருக்குள் பள்ளமாக இருக்கும். சதுரப் பெட்டியின் உடம்பு அதில் முழுதாக உட்காராது. கூடவே கனமான சார்ஜரும் தொங்கினால் நள்ளிரவில் கழன்று விழும், காலையில் போன் செத்துக் கிடக்கும். மெல்லிய இரண்டு பின் உள்ள நம்மூர் போன் சார்ஜர் பெரும்பாலும் அங்கே நேரடியாகவே நுழையும். தாய்லாந்திலும் அப்படித்தான்.

கடையிலேயே சோதித்துவிடுங்கள், உங்கள் சார்ஜரை எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு பின்னையும் வெளியே தள்ளி, மேஜைமேல் வைத்து அழுத்துங்கள். உள்ளே வழுக்கக் கூடாது. ஒரு பின் வெளியே இருக்கும்போது மற்றவை பூட்டியிருக்க வேண்டும். சார்ஜரைச் சொருகித் தலைகீழாகப் பிடியுங்கள், விழக் கூடாது. காதருகே குலுக்கினால் கடகட சத்தம் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அடாப்டரிலேயே இருக்கும் யுஎஸ்பி சி-போர்ட்டில் 20 வாட் என்று எழுதியிருந்தாலும், பல மாடல்களில் இன்னொரு போர்ட்டிலும் கேபிள் மாட்டியதும் அது பங்காகிவிடும்.

போன இடத்துப் பழக்கமும் தெரிந்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் நம்மைப் போலவே பிளக் பாயின்ட்டில் சுவிட்ச் இருக்கும்; அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் இருக்காது, சொருகியதுமே கரன்ட்தான். இங்கிலாந்துக் குளியலறையில் ஷேவருக்கான பாயின்ட் மட்டும்தான் இருக்கும். ஹோட்டலில் கதவருகே உள்ள கார்டை உருவிக்கொண்டு வெளியே போனால் பல இடங்களில் சார்ஜிங்கும் நின்றுவிடும். ஃப்ரிட்ஜ் இருக்கும் பாயின்ட் சில ஹோட்டல்களில் மட்டும் தப்பிக்கும். ஜப்பானில் கடையிலோ ஸ்டேஷனிலோ கண்ணில் பட்ட பாயின்ட்டில் கேட்காமல் சொருகாதீர்கள். அந்த நாட்டுச் சட்டத்தில் மின்சாரமும் திருடக்கூடிய பொருள்தான். இதுபோக, விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும். 20,000 எம்ஏஎச் என்பது 74 வாட்-அவர், விமானங்களின் பொதுவான 100 வாட்-அவர் வரம்புக்குள் அடங்கும்.

சரி, வாங்கலாமா? ஒரே பயணத்தில் லண்டன், பாரிஸ், நியூயார்க் என்று சுற்றுபவருக்கு ஃப்யூஸ் உள்ள, நல்ல கம்பெனி மாடல் தேறும். சிங்கப்பூர், மலேசியா, துபாய் மட்டும் போகிறவருக்கு இது வீண் செலவு. மூன்று தட்டைப் பின் கொண்ட, எர்த் உள்ள கன்வர்ஷன் பிளக் ஒன்றும், வீட்டில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் போதும். அந்த ஊர்களிலும் நம் வோல்ட்டேஜ்தான் என்பதால் குடும்பத்தின் எல்லா போனும் ஒரே இடத்தில் ஏறும். கடையில் கேட்கும்போது யுனிவர்சல் என்று கேட்காமல், சிங்கப்பூர் பின், எர்த்தோடு என்று கேளுங்கள். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடை தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.