மின்ட் மணிக்கூண்டு பக்கம் ஒரு காசுக் கடை

சென்னை வள்ளலார் நகர் பஸ் ஸ்டாண்டை நாங்கள் இன்னும் மின்ட் என்றுதான் சொல்வோம். அங்கே இறங்கி, மணிக்கூண்டைத் தாண்டி தங்கசாலைத் தெருவில் கொஞ்ச தூரம் நடந்தால் இடதுபுறம் ஒரு சந்து பிரியும். அதில் ஒரு பழைய வீட்டின் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது இந்தக் கடை. போர்டு கிடையாது. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் சந்தில்தான் நிற்க வேண்டும். ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு மேஜை விளக்கு, நூல் கட்டித் தொங்கவிட்ட ஒரு பூதக்கண்ணாடி, அவ்வளவுதான்.

கடைக்காரர் முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். தோல் பைக்குள் விழுந்த காசில் வித்தியாசமாகத் தெரிந்ததை எல்லாம் சொந்தக் காசு போட்டு மாற்றி எடுத்து வைத்ததில் ஆரம்பித்ததாம். சந்து முழுக்க அவரை 'கண்டக்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் ஐயா என்பேன்.

நான் அங்கே முதலில் போனது ஒரே ஒரு இரண்டு ரூபாய்க் காசுக்காக. என் தாத்தா ரங்கூனில் நேதாஜி படையில் இருந்தவர். 1965-ல் கப்பலேறி வந்தபோது நகை, பணம் எதையும் எடுத்துவர விடவில்லை. வியாசர்பாடியில் குடிசை போட்டுத்தான் வாழ்க்கையை ஆரம்பித்தார்கள். நேதாஜி நூற்றாண்டுக்காக வந்த இரண்டு ரூபாய்க் காசு 1997-ல் ஒரு நாள் காய்கறிச் சில்லறையோடு எங்கள் வீட்டுக்கு வந்தது. தாத்தா அதைச் செலவு செய்ய விடவில்லை. பஸ் பாஸுக்குள் செருகி, சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். காலையில் எடுத்து உள்ளங்கையில் வைத்து ஒரு சல்யூட் அடித்துவிட்டுத்தான் டீக்கடைக்குப் போவார். அவர் இறந்த பிறகு அந்தக் காசு எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. யாரோ தெரியாமல் செலவழித்திருப்பார்கள்.

இதை ஐயாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் உள்ளே இருந்து ஒரு பிஸ்கட் டின்னை எடுத்தார். பதினோரு பக்கம் உள்ள அந்தக் காசு அதில் பத்துப் பதினைந்து இருந்தது. "பளபளன்னு இருக்கறது அம்பது ரூபா, கை பட்டது பதினஞ்சு ரூபா. நீங்களே பார்த்து எடுங்கம்மா" என்றார். நான் தேய்ந்ததை எடுத்தேன். தாத்தாவுடையது அப்படித்தான் இருந்தது. வேறு கடையாக இருந்தால் பளபளப்பானதைத் தலையில் கட்டப் பார்த்திருப்பார்கள். இவர் அதற்கும் ஒரு அட்டை ஹோல்டர் போட்டு, பென்சிலால் வருடம் எழுதி, வெள்ளிக் காசைக் கொடுப்பது போலக் கொடுத்தார். அன்றிலிருந்து மாதம் ஒரு தடவை போகிறேன். சுதந்திரம், தேசம் சம்பந்தப்பட்ட காசு மட்டும்தான் வாங்குவேன்.

இரண்டாவது தடவை போனபோது அவர் காட்டிய ஜோடியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 1947-ல் அடித்த ஒரு ரூபாயையும் 1950-ல் அடித்த ஒரு ரூபாயையும் கறுப்புத் துணியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் நிக்கல். முதல் காசில் ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் தலை, மறு பக்கம் நடந்து போகும் புலி. சுதந்திரம் கிடைத்த பிறகும் மூன்று வருடம் ராஜா தலை போட்ட காசில்தான் நம் ஆட்கள் அரிசி வாங்கியிருக்கிறார்கள். 1950 ஆகஸ்ட் 15-ல்தான் குடியரசின் சொந்தக் காசு வந்தது. ராஜா இருந்த இடத்தில் சாரநாத் சிங்கத் தூண், புலி இருந்த இடத்தில் இரண்டு கோதுமைக் கதிர்.

பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள் என்றார். பார்த்தேன். நடுச் சிங்கத்தின் பிடரி மயிர் சுருள் சுருளாக இருந்தது. பீடத்தில் சக்கரம். அதன் ஆரங்களை எண்ணப் பார்த்தேன், அத்தனை சின்னதாக இருந்ததால் பாதியில் விட்டுவிட்டேன். ஊசிக் கண்ணில் நூல் கோக்கும் கண் எனக்கு. ஆனாலும் அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது. யாருடைய தலையும் இல்லாத காசு. அதிலேயே காலணாவில் குதிரை, ஓரணாவிலும் இரண்டணாவிலும் காளை என்று ஐயா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஜோடிக்கு 400 ரூபாய் கொடுத்தேன். கூடுதலாகத் தோன்றவில்லை.

அப்புறம் 1972-ல் வந்த 50 பைசா. சுதந்திர வெள்ளிவிழாவுக்கு அடித்தது. ஓர் ஆணும் பெண்ணும் கொடி பிடித்து நிற்பார்கள், பின்னால் நாடாளுமன்றம். கொடியைத் தாங்கும் கைகளில் ஒன்று பெண்ணின் கை என்பதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது. 40 ரூபாய் வாங்கினார். இதே படத்தோடு 10 ரூபாய் வெள்ளிக் காசும் உண்டு. 22.5 கிராம், பாதி வெள்ளி. படம் நன்றாகத் தெரிய வேண்டுமானால் பெரிய காசில் பார்க்க வேண்டும். பெண்ணின் சேலை மடிப்புகூட அதில் தெரிகிறது.

பொன்விழா ஆண்டான 1997-ல் வந்த 50 பைசாவில் தண்டி யாத்திரை இருக்கிறது. காந்தி தடியோடு முன்னால், மற்றவர்கள் பின்னால். எவர்சில்வர் காசு, நாம் எல்லோரும் ஒரு காலத்தில் கையில் வைத்திருந்ததுதான். யாத்திரையின் 75-ஆம் ஆண்டுக்கு 2005-ல் ஐந்து ரூபாய்க் காசும் வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு 50 பைசாதான் அழகு. பகத் சிங் நூற்றாண்டுக் காசு, காமராஜர் நூற்றாண்டு ஐந்து ரூபாய், இதெல்லாம் முப்பது நாற்பதுக்குள் கிடைத்துவிட்டது. 1969 காந்தி 20 பைசாவையும் வாங்கினேன். மஞ்சள் நிறமாக இருப்பதால் அதில் தங்கம் கலந்திருக்கிறது என்று எங்கள் பக்கம் ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள். தங்கம் எல்லாம் இல்லை.

2022-ல் எழுபத்தைந்தாம் சுதந்திர ஆண்டுச் சின்னத்தோடு 1, 2, 5, 10, 20 ரூபாய்க் காசுகள் புழக்கத்துக்கு வந்தன இல்லையா, அதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்டால் உள்ள மதிப்புக்கே கொடுக்கிறார். பத்து ரூபாய்க்குப் பத்து ரூபாய்தான். கூடவே மின்ட் குறி, அதாவது காசு எந்த ஊரில் அடித்தது என்று காட்டும் அடையாளம் பார்க்கவும் சொல்லித் தருகிறார். வருடத்துக்குக் கீழே நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வைரம் இருந்தால் மும்பை, புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காசு அடித்த தங்கசாலையால் பேர் வாங்கிய தெருவில், அந்தப் பிள்ளைகள் சந்தில் குந்தி உட்கார்ந்து நட்சத்திரம் தேடுவதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கும்.

இந்தக் கடையை நான் நம்புவதற்குக் காரணம் ஒரு தகர டப்பா. அதன் மேல் 'டோக்கன்' என்று எழுதி ஒட்டியிருக்கிறார். உள்ளே கிழக்கிந்தியக் கம்பெனி, 1818 என்று போட்டு, ராமர், அனுமன் படத்தோடு செம்புக் காசுகள். பல இடங்களில் இதை இருநூறு வருடத்துக் காசு என்று ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். கம்பெனி அப்படி ஒன்றை அடிக்கவே இல்லை. "பூஜைக்கு வேணும்னா இருபது ரூபா குடுத்து எடுத்துட்டுப் போங்க, பழசுன்னு நினைச்சு எடுக்காதீங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறார். விற்பனை போனாலும் பரவாயில்லை என்று உண்மையைச் சொல்கிற வியாபாரி இவர்.

எங்கள் குடும்பத்திலேயே ஒருவர் அடிபட்டிருக்கிறார். இந்திய வரைபடத்துக்குள் கொடி இருக்கும் பழைய இரண்டு ரூபாய்க் காசு இருந்தால் ஐந்து லட்சம் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி, பதிவுக் கட்டணம், வரி என்று என் தங்கை வீட்டுக்காரர் 8,500 ரூபாய் அனுப்பிவிட்டார். அதற்கப்புறம் அந்த எண் எடுக்கவே இல்லை. இப்படிக் கட்டணம் கேட்பவர்களிடம் ஏமாறாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்திருக்கிறது. அந்தக் காசு ஐயாவிடம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. ஐந்து ரூபாய்க்குத் தருகிறார். எனக்கு அந்தப் படம் பிடிக்கும், அதனால் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

குறைகளும் உண்டு. ஆல்பம் வாங்காதீர்கள். அவர் வைத்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் ஒரு மழைக்காலம் போனால் பிசுபிசுக்கும். என் காந்தி 20 பைசாவில் பச்சை படிந்துவிட்டது. சொன்னேன், அதற்குப் பதில் அட்டை ஹோல்டர் கொடுத்தார், ஆனால் ஆல்பத்தை விற்பதை இன்னும் நிறுத்தவில்லை. ஹோல்டரில் அடிக்கும் ஸ்டேப்ளர் பின்னும் தடித்தது, எடுக்கும்போது காசில் கீறல் விழலாம். தட்டையான பின் வைக்கலாம். சில காசுகளைப் புளி போட்டுத் தேய்த்தவர்களிடமிருந்து வாங்கியிருக்கிறார். கேட்டால் ஒத்துக்கொள்வார், கேட்காவிட்டால் தானாகச் சொல்ல மாட்டார். ஆகவே கேளுங்கள். இயற்கையான மங்கல் நிறமே காசுக்கு அழகு. தேய்த்த காசு கண்ணாடி போல ஒரே சீராக மின்னும், எழுத்து ஓரத்தில் மெல்லிய கோடுகள் ஓடும். வெள்ளிக் காசு அவரிடம் குறைவு. நேதாஜி போர்ட் பிளேரில் கொடி ஏற்றியதன் 75-ஆம் ஆண்டுக்கு 2018-ல் வந்த 75 ரூபாய்க் காசு கேட்டேன். செல்லுலார் சிறையும், கொடிக்கு அவர் சல்யூட் அடிப்பதும் உள்ள காசு. இல்லை என்றார், வந்தால் போன் பண்ணுகிறேன் என்று நம்பர் வாங்கி வைத்திருக்கிறார்.

காலை பதினொன்றுக்குத் திறப்பார், மதியம் சாப்பாட்டுக்கு மூடுவார், மறுபடி நாலு மணியிலிருந்து ஏழரை வரை. ஞாயிறு மதியத்தோடு சரி. ஜிபே உண்டு. தூய்மையான சில்லறை கொண்டுபோனால் மாற்றிக்கொள்வார். வண்டியைச் சந்துக்குள் கொண்டுபோகாதீர்கள், திருப்ப இடம் இல்லை.

1972 வெள்ளிக் காசுக்கு 200 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். தீபாவளித் தையல் கூலி வந்ததும் மீதியைக் கொடுத்து எடுக்க வேண்டும். அதுவரை யாருக்கும் காட்ட மாட்டேன் என்று என் பெயரை எழுதிக் கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறார்.