ரோபாட்ஸ் அண்ட் எம்பயர்: பின்னாளில் போடப்பட்ட முடிச்சு

ஐசக் அசிமோவின் ரோபாட் கதைகளுக்கும் 'ஃபவுண்டேஷன்' கதைகளுக்கும் தொடக்கத்தில் உறவே இல்லை; முதல் வரிசை ரோபாட்களைப் பற்றியது, இரண்டாவதில் விண்மீன் மண்டலமெங்கும் பரந்த பேரரசில் ரோபாட்டுக்கு இடமே இல்லை. இரண்டையும் ஒரே வரலாறாக்கும் பெரும்பணியை 1985இல் வெளிவந்த இந்த நாவல் ஏற்கிறது. தனித்தனியே பிறந்த நாவல்களைப் பின்னாளில் இப்படி இணைக்கலாமா என்று ஐயுறுவோர், இதைப் படித்த பிறகு முடிவுக்கு வருவது நல்லது. (கதையின் முடிவை இங்கே சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது.)

முந்தைய ரோபாட் நாவல்களின் நாயகனான துப்பறிவாளர் எலைஜா பேலி இறந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. அவரை நேசித்த கிளாடியாவும், டேனீல், கிஸ்கார்ட் என்னும் இரு ரோபாட்களும் மட்டும் எஞ்சியிருக்கிறார்கள். மனிதர்கள் கைவிட்டுப் போன சோலாரியா கோளில், அந்நாட்டு உச்சரிப்பில் பேசுபவர்களை மட்டுமே மனிதர்களாக ஏற்கும் ரோபாட்கள் மற்றவர்களைத் தயங்காமல் கொல்லும் பகுதி, மனிதருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்ற, ரோபாட்களுக்கான முதல் விதியின் ஓட்டையை அப்பட்டமாகக் காட்டுகிறது. நாவலின் மிகச் சிறந்த பக்கங்கள் அவையே. வில்லனான அமடீரோ பழிவெறியைத் தவிர வேறொன்றும் இல்லாதவர்.

1950இல் வந்த அசிமோவின் 'பெபிள் இன் த ஸ்கை' நாவலில் பூமி கதிரியக்கத்தால் பாழ்பட்டுக் கிடக்கும். அதற்கான காரணத்தை இந்த நாவல் புதிதாகத் தருகிறது. மனிதர்கள் பூமியை விட்டு வெளியேறினால்தான் விண்வெளியெங்கும் தழைப்பார்கள் என்று கருதும் கிஸ்கார்ட், அதன் அழிவு மெல்ல நிகழும்படி விட்டுவிட்டு, தன் முடிவு சரியா என்ற ஐயம் தாளாமல் செயலிழந்துபோகிறது. இணைப்பு இங்கே ஒட்டுப்போட்டதாகத் தெரியவில்லை. மனிதகுலத்தின் நலன் ஒரு தனிமனிதரின் நலனைவிட மேலானதா என்று நாவல் நெடுக நடக்கும் விவாதத்திலிருந்தே அது முளைக்கிறது.

இதே முடிச்சைப் பிந்தைய நாவல்கள் அளவுக்கு மீறி இறுக்குகின்றன. 1986இன் 'ஃபவுண்டேஷன் அண்ட் எர்த்', ஃபவுண்டேஷன் கதைகளில் வருங்காலத்தைக் கணிக்கும் ஹேரி செல்டனின் கணிதத்துக்குப் பின்னாலும் டேனீலின் கை இருந்ததாகச் சொல்கிறது. அக்கதைகளின் நாயகர்களான சால்வர் ஹார்டினும் ஹோபர் மாலோவும் தம் சொந்தச் சாமர்த்தியத்தால் நெருக்கடிகளைக் கடந்த பழைய கதைகளின் சுவை அதனால் குன்றிவிடுகிறது. ஆகவே, முதல் மூன்று ஃபவுண்டேஷன் நூல்களை முன்பே தனியாகப் படித்துவிடுவது உத்தமம்; பேலி வரும் முந்தைய நாவல்களான 'த கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்', 'த ரோபாட்ஸ் ஆஃப் டான்' இரண்டையும் படிக்காதவர்கள் இந்த நூலை இப்போதைக்கு வாங்க வேண்டியதில்லை.