மாடரேட்டருக்குத் தனிக் கணக்கு: நான்கு வருடம் வைத்துப் பார்த்த பிறகு

இணையத்தில் புதிதாக ஒரு குழு தொடங்கியிருக்கும் தோழி போன வாரம் கேட்டாள்: "குழுவை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளும் மாடரேட்டர்களுக்கு, அந்த வேலைக்கென்றே ஆளுக்கொரு தனிக் கணக்கு வைக்கட்டுமா, இல்லை அவரவர் சொந்தக் கணக்குக்கே அதிகாரம் கொடுத்துவிடட்டுமா?" இரண்டு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. ஊற்றுப்பேனா பழுதுபார்க்கும் ஆர்வலர்களுக்கான எங்கள் குழுவில் நான்கு வருடமாகத் தனிக் கணக்குகள்தான். உறுப்பினர்கள் 180 பேர், மாடரேட்டர்கள் மூன்று பேர்.

அதற்கு முன்பு 'நிர்வாகி' என்று ஒரே கணக்கு இருந்தது. கடவுச்சொல் மூன்று பேருக்கும் தெரியும். வளைந்த நிப்பை நிமிர்த்துவது எப்படி என்று ஒருவர் படங்களோடு விரிவாக எழுதியிருந்தார். ஒரு நாள் ராத்திரி அந்தப் பதிவு காணாமல் போனது. காலையில் அவர் காரணம் கேட்டார். நாங்கள் மூவரும் "நான் இல்லையே" என்றோம். யார் என்ன செய்தார்கள் என்று குறித்து வைக்கும் லாகில் 'நிர்வாகி நீக்கினார்' என்பதைத் தவிர ஒன்றுமில்லை. அவர் விலகிப் போனவர்தான், இன்றுவரை திரும்பி வரவில்லை. பலர் பகிர்ந்துகொள்ளும் கணக்கு கூடவே கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

தனிக் கணக்குக்கு மாறியதும் நிம்மதி வந்தது, அதை மறைக்க மாட்டேன். யார் எதை நீக்கினார்கள் என்று பெயரோடு தெரிந்தது. மாடரேட்டர் பொறுப்பை யாராவது விட்டால் அந்த ஒரு கணக்கை எடுத்துவிட்டால் போதும். எங்களில் ஒருவர் ஏதோ போலி இணைப்பைத் தொட்டு சொந்தக் கணக்கைப் பறிகொடுத்தார். குழுவுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அதிகாரத்தையும் அளந்து கொடுத்தோம்: பதிவை நீக்கலாம், ஒருவரைச் சில மணி நேரம் பேசவிடாமல் நிறுத்தலாம், அவ்வளவுதான். டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' அனுமதியைத் தூக்கிக் கொடுத்துவிட்டால், சேனல்வாரியாக, அதாவது ஒவ்வொரு பேச்சு அறைக்கும் தனித்தனியாகப் போட்ட தடை எதுவும் அவரைக் கட்டுப்படுத்தாது. சின்னக் குழுவில் அது யாருக்கும் தேவையில்லை.

லாகை மட்டும் நம்பி இருக்கவும் கூடாது. டெலிகிராம் குழுவின் 'சமீபத்திய செயல்கள்' 48 மணி நேரம்தான் நிற்கும். டிஸ்கார்டின் ஆடிட் லாக் 45 நாள். அதனால் எதையாவது நீக்கினால் காரணத்தை ஒரு வரியில் தனியாகக் குறித்து வைக்கிறோம்.

இவ்வளவு பாராட்டியாயிற்று. இப்போது நான்கு வருடமாக என்னை அறுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். கணக்கு மாற்றுவது.

ஒரு நாளைக்கு எத்தனை முறை மாற்றுவது? ஸ்பாமை நீக்க மாடரேட்டர் கணக்குக்குப் போகிறேன். அங்கேயே ஒருவர் "மூடியில் மை கசிகிறது" என்று கேட்டிருக்கிறார். மாற மறந்து, "அட, என் பேனாவிலும் இதே தொல்லை!" என்று எழுதிவிடுகிறேன். பெயருக்குப் பக்கத்தில் 'மாடரேட்டர்' என்று காட்டும் பட்டை மின்னுகிறது. அதற்கு மேல் அந்த உரையாடலில் யாரும் வாய் திறப்பதில்லை. அதே கேள்விக்கு வேறொரு நாள் சொந்தக் கணக்கில் பதில் சொன்னால் ஐந்து பேர் வந்து பேசுகிறார்கள். நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. சொந்தக் கணக்கிலிருந்து ஒருவரிடம் "கொஞ்சம் நிதானமாகப் பேசுங்கள்" என்றேன். "அதைச் சொல்ல நீங்கள் யார்?" என்று கேட்டார் அவர். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

அலுத்துப்போய் மூவரும் பெரும்பாலும் மாடரேட்டர் கணக்கிலேயே இருந்துவிட்டோம். உண்மையான சேதம் அங்கேதான். இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006இல் எழுதிய 90-9-1 விதி பலருக்கும் தெரிந்திருக்கும்: 90 சதவீதம் பேர் படிப்பார்கள், 9 சதவீதம் பேர் எப்போதாவது எழுதுவார்கள், 1 சதவீதம் பேர்தான் ஓயாமல் எழுதுவார்கள். அது தோராயமான விதிதான். ஆனாலும் எங்கள் 180 பேருக்குப் போட்டுப் பார்த்தால், ஓயாமல் எழுதுபவர்கள் இரண்டே பேர்! அந்த இரண்டு மூன்று பேர் யார்? நாங்களேதான். நிறைய எழுதினோம் என்பதால்தானே மாடரேட்டர் ஆனோம். குழுவில் அதிகம் பேசியவர்களைப் பிடித்துப் பட்டைக்குப் பின்னால் உட்காரவைத்து, எச்சரிக்கை மட்டும் விடுபவர்களாக ஆக்கிவிட்டோம். அப்புறம் குழு ஏன் அமைதியாக இருக்கிறது என்று கவலைப்பட்டு வாரத் தலைப்பு, போட்டி, பட்டம் எல்லாம் வைத்துப் பார்த்தோம். எதுவும் நிற்கவில்லை.

நான் எதிர்பார்க்காத ஒன்று நின்றது. "யாருக்காவது தெரியுமா?" என்று பொதுவாகக் கேட்காமல், சொந்தக் கணக்கிலிருந்து ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்: "போன மாதம் நீங்கள் இதே மாதிரி பிஸ்டனைக் கழற்றினீர்களே, இவருக்குச் சொல்லுங்களேன்." ஒரு வருடமாகப் பெரும்பாலும் படித்துவிட்டு மட்டும் போனவர் அன்று நாலு பத்தி எழுதினார். படமும் போட்டார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் வேறு எதிலும் வந்ததில்லை.

தோழிக்கு இப்படி எழுதினேன்: பாதுகாப்பு என்று பார்த்தால் தனிக் கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் வைக்காதே. இருநூறு பேர் வரைக்கும் சொந்தக் கணக்கே போதும். மாடரேட்டர்கள் எல்லோரும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்பது) போடட்டும், நீக்கவும் நிறுத்தவும் மட்டும் அதிகாரம் கொடு, முடிந்தால் பட்டையை மறைத்துவிடு. குழுவின் உரிமையாளர் கணக்கை மட்டும் தனியாக வை. அன்றாடம் அதில் நுழையாதே. உனக்கு ஏதாவது ஆனால் அதைத் திறக்கும் வழி இன்னொருவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

அதை அனுப்பிவிட்டு, என் மாடரேட்டர் கணக்கின் அதிகாரத்தைச் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொண்டேன். மற்ற இருவரிடமும் பேசிவிட்டேன். ஒருவர் சரி என்றார், கணக்கைப் பறிகொடுத்தவர் வேண்டாம் என்கிறார். அவருடைய தனிக் கணக்கு அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறோம்.