கப்பலுக்குக் கரை மின்சாரம்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

துறைமுகத்தில் கப்பல் நிற்கும் இடமான பெர்த்தில் கட்டிய கப்பலில் மெயின் இன்ஜின் நின்றுவிடும். துணை ஜெனரேட்டர் நிற்காது. விளக்கு, கப்பலைச் சமநிலையில் வைக்கும் நீரை ஏற்றி இறக்கும் பாலாஸ்ட் பம்பு, குளிர்சாதனக் கன்டெய்னர் எல்லாம் அதை நம்பித்தான் ஓடுகின்றன. அந்த ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுக் கரையிலிருந்து கேபிள் வழியே கொடுப்பதுதான் கரை மின்சாரம். கோதன்பர்க்கில் 2000-லும், அலாஸ்காவின் ஜூனோவில் 2001-லும், லாஸ் ஏஞ்சல்ஸில் 2004-லும் உயர் அழுத்த இணைப்பு வந்துவிட்டது. ஒரு டன் சரக்குக்கான கார்பனை 2030-க்குள் 30 விழுக்காடு குறைக்கச் சொல்லும் 2023-ஆம் ஆண்டின் ‘ஹரித் சாகர்’ வழிகாட்டுதலுக்குப் பிறகு, இந்தியத் துறைமுகங்களும் இதை வாங்கியாக வேண்டிய நிலையில் இருக்கின்றன. தூத்துக்குடி போன்ற ஒரு துறைமுகத்துக்கு இது பொருந்துமா என்று இங்கே பார்க்கிறோம்.

கருவியில் குறையில்லை. அதில் எந்த மின்சாரம் ஓடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1.5 மெகாவாட் இழுக்கும் கன்டெய்னர் கப்பல் ஒன்று 24 மணி நேரம் நிற்கிறது என்று வையுங்கள். 36,000 யூனிட். துணை இன்ஜின் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 220 கிராம் டீசல் எரிக்கும், மொத்தம் 7.9 டன். ஒரு டன் கடல் டீசலுக்கு 3.206 டன் கார்பன் டை ஆக்சைடு என்பது கணக்கு. ஆக 25 டன்னுக்குச் சற்று மேல். அதே 36,000 யூனிட்டை மின்தொகுப்பிலிருந்து எடுத்தால்? மத்திய மின்சார ஆணையத்தின் சராசரி யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. அதுவும் 25 டன்தான்! கம்பியிலும், மின்சாரத்தைக் கப்பலுக்கு ஏற்ப மாற்றும் கன்வெர்ட்டரிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் டீசலைவிடக் கூடுதலாகக்கூடப் போகும். தூத்துக்குடியில் அனல்மின் நிலையம் துறைமுகத்தை ஒட்டியே நிற்கிறது. அதற்கான நிலக்கரியும் கடல் வழியே வருகிறது. கப்பலின் புகையை நிறுத்தி அதை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியில் ஏற்றுவதற்காக யாரும் கோடிகளைக் கொட்டக் கூடாது.

எனவே டெண்டரோடு சேர்த்தே காற்றாலை, சூரிய மின்சார ஒப்பந்தமும் வேண்டும். கயத்தாறும் ஆரல்வாய்மொழியும் தொலைவில் இல்லை. ஆனால் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் வலுவாக வீசும். கப்பலோ டிசம்பர் இரவிலும் நிற்கும். ஆண்டு மொத்தத்தைக் காட்டி ‘முழுப் பசுமை’ என்று சொல்லும் விற்பனையாளரிடம் மாதவாரிக் கணக்கைக் கேளுங்கள். பாய்லரைப் பற்றியும் கேளுங்கள். எரிபொருளைச் சூடாக்கும் பாய்லர் கேபிள் மாட்டியதால் நின்றுவிடாது. அதன் புகையும் குறைந்துவிட்டதாகக் காட்டும் கணக்குத் தாளைத் திருப்பி அனுப்புங்கள்.

அடுத்தது அதிர்வெண். நம் மின்தொகுப்பு 50 ஹெர்ட்ஸ். பெரும்பாலான கடல் கப்பல்கள் 60. நடுவில் கன்வெர்ட்டர் வேண்டும், செலவில் பெரும் பங்கு அதற்குத்தான். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐ.இ.சி. 80005-1 தரத்தின்படி கன்டெய்னர் கப்பலுக்கு 6.6 கிலோவோல்ட், 7.5 எம்.வி.ஏ. (மெகா வோல்ட்-ஆம்பியர், மின்திறன் அளவு) வரை, இரண்டு கேபிள். கேபிள் ரீல் கப்பலில் இருக்கும்; கரையில் சாக்கெட் குழி மட்டும். பயணிகள் கப்பலுக்கு நேர் எதிர், கேபிளைக் கரைதான் நீட்ட வேண்டும். ஒவ்வொரு கப்பலுக்கும் தனி டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். ஒரு கப்பலில் எர்த் பழுது (மின்சாரம் கப்பலின் உடலுக்குக் கசிவது) வந்தால் அடுத்த கப்பலைத் தொடாமல் இருக்க அது ஒன்றே வழி. விலையைக் குறைக்க இதில் கை வைக்கவே கூடாது.

இணைப்பு வேலை இப்படி நடக்கும்: கேபிளை இறக்கி, பிளக்கை மாட்டி, எர்த் தொடர்ச்சியையும் பிளக் சரியாக மாட்டியிருக்கிறதா என்று காட்டும் பைலட் கம்பிச் சுற்றையும் சரிபார்த்து, எர்த் சுவிட்சைத் திறந்து, கரை பிரேக்கரை மூட வேண்டும். பிறகு கப்பல் ஜெனரேட்டரைக் கரையோடு சின்க்ரனைஸ் செய்து (இரண்டின் மின் அலைகளையும் ஒத்துப்போகவைத்து), சுமையை மெல்ல மாற்றி, ஜெனரேட்டரை நிறுத்த வேண்டும். சுமை மாற்றத்தில் அவசரப்பட்டால் ஜெனரேட்டர் கரைப் பக்கம் மின்சாரத்தைத் தள்ளும். கன்வெர்ட்டர் ரிவர்ஸ் பவர் (மின்சாரம் எதிர்த்திசையில் வருவது) என்று டிரிப் ஆகும். பழகிய ஆட்கள் இல்லாத இடத்தில் மாட்டவும் கழற்றவும் சேர்த்து இரண்டு மணி நேரம் போய்விடும். பெரிய துறைமுகத்துக்குக் கன்டெய்னர்களைக் கொண்டுசேர்க்கும் சிறு கப்பல்தான் ஃபீடர்; எட்டு மணி நேரமே நிற்கும் ஃபீடருக்கு அது பெரிய இழப்பு.

மற்ற பழுதுகள் பெரும்பாலும் சாதாரணமானவை. சாக்கெட் குழியில் உப்புத் தண்ணீர் தேங்கி இன்சுலேஷன் குறைந்தால் பிரேக்கர் மூட மறுக்கும். குழிக்கு வடிகாலும் ஹீட்டரும் கேளுங்கள். கப்பல் எதிர்ப் பக்கமாகக் கட்டினால் கேபிள் எட்டாது. சரக்கு இறங்க இறங்கக் கப்பல் உயரும். ரீல் தளர்வு கொடுக்காவிட்டால் இழுவை சென்சார் மொத்தத்தையும் நிறுத்திவிடும். யாரும் கவனிக்காத ஒன்று: கன்வெர்ட்டரால் ஜெனரேட்டர் அளவுக்கு ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டம் தர முடியாது. கப்பலின் பிரேக்கர்கள் ஜெனரேட்டரை நம்பி செட் செய்யப்பட்டவை. பழுது வரும்போது சரியான பிரேக்கர் விழாமல் மொத்தக் கப்பலும் இருளலாம். எந்தப் பழுதுக்கு எந்த பிரேக்கர் விழ வேண்டும் என்று பார்க்கும் பாதுகாப்பு ஒருங்கிணைப்பு ஆய்வு இல்லாமல் கமிஷனிங் கையெழுத்துப் போடாதீர்கள்.

செலவில் யூனிட் விலையைவிட உச்ச மின்தேவைக்காக மாதம்தோறும் கட்டும் டிமாண்ட் கட்டணம்தான் கடிக்கும். தமிழ்நாட்டில் பதிவான உச்சம் அல்லது ஒப்பந்தத் தேவையில் (எழுதி வாங்கிய அளவில்) 90 விழுக்காடு, இதில் எது அதிகமோ அதற்குக் கட்ட வேண்டும். 7.5 எம்.வி.ஏ. எழுதி வாங்கிவிட்டு மாதம் நான்கு கப்பலை மட்டும் மாட்டினால் அந்தச் சுமை நான்கு கப்பல் மீதும் விழும். டீசல் டன் 700 டாலர் என்றால் கப்பல் தானே ஒரு யூனிட் தயாரிக்க எரிபொருளுக்கு மட்டும் 15 சென்ட் ஆகிறது. அதற்கு மேல் கேட்டால் எந்தக் கேப்டனும் கேபிளை இறக்க மாட்டார்.

நிலக்கரி பெர்த்துக்கு இப்போது வேண்டாம். நிலக்கரி போன்ற மொத்தச் சரக்கை ஏற்றி இன்று வரும் பல்க் கப்பல் மறுபடி வருமா என்றே தெரியாது; பெரும்பாலானவற்றில் இணைப்பும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் முக்கியத் துறைமுகங்களில் 2030 ஜனவரி முதல் 5000 ஜி.டி.க்கு (கப்பலின் கொள்ளளவைக் குறிக்கும் மொத்த டன்னேஜ்) மேற்பட்ட கன்டெய்னர், பயணிகள் கப்பல்கள், விதிவிலக்குகள் நீங்கலாக, கரை மின்சாரத்தில் இணைய வேண்டும் என்பதால் பெரிய கன்டெய்னர் கப்பல்களில் கருவி பெருகும். அந்தப் பெர்த்தில் குழாய்ப் பாதையும் குழியும் இப்போதே கட்டி வைக்கலாம். கொழும்பு ஃபீடர்களில் சிறியவை 440 வோல்ட்டில் ஓடுபவை. 1 எம்.வி.ஏ.வுக்கே 1300 ஆம்பியர் வரும், பல கேபிள்களை இணையாக மாட்ட வேண்டும். இருந்தாலும் திரும்பத் திரும்ப வரும் கப்பல் என்பதால் பேசிப் பார்க்கத் தகுந்தது.

முதலில் வாங்க வேண்டியது கப்பலை இழுக்கும் டக், வழிகாட்டியை ஏற்றிச் செல்லும் பைலட் படகு எனத் துறைமுகத்தின் சொந்தப் படகுகளுக்கான குறைந்த அழுத்த இணைப்பு. அவை வேறு துறைமுகத்துக்குப் போகாது, வேலை இல்லாத நேரத்தில் ஒரே இடத்தில் நிற்கும், பிளக் ஒத்துவருமா என்ற கேள்வியே எழாது. 2023-ல் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவின் பேட்டரிப் படகுகள் ஜெட்டியிலேயே சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஓடுவதும், படகும் வழியும் ஜெட்டியும் ஒரே கையில் இருப்பதால்தான்.