நிலக்கரித் தூசிக்கு ஒரு மூடிய வழி: திருகு இறக்கியும் குழாய்க் கன்வேயரும்

அனல் மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கும் இயந்திரங்களையும், அதை ஓடும் பெல்ட்டில் கொண்டுசெல்லும் கன்வேயர்களையும் விற்கும் நிறுவனங்கள் எல்லாமே இப்போது தங்கள் கையேட்டின் முதல் பக்கத்தில் “சுற்றுச்சூழலுக்கு உகந்தது” என்று அச்சிடுகின்றன. அந்தச் சொல் எந்த இயந்திரத்துக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதை, நிலக்கரி கையாளும் பிரிவில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இங்கே எழுதுகிறேன். கப்பலிலிருந்து நிலக்கரியை எடுக்கும் திருகு வகை இறக்கியும், துறைமுகத்திலிருந்து மின் நிலையம் வரை அதைக் கொண்டுசெல்லும் குழாய்க் கன்வேயருமே இந்த மதிப்பீட்டின் மையம். நான் கைக்கொள்ளும் அளவுகோல் எளிமையானது. நிலக்கரி எத்தனை இடங்களில் விழுகிறது, எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது, விழும் இடம் திறந்திருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறேன். பெல்ட்டின் மேல் அசையாமல் பயணம் செய்யும் நிலக்கரி பெரிதாகத் தூசி எழுப்புவதில்லை. தூசியில் பெரும்பகுதி விழும் இடங்களில்தான் பிறக்கிறது.

சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாண்ட காலத்தில் ராயபுரம் பகுதி மக்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று விளக்க வேண்டியதில்லை. அங்கு நிலக்கரி கையாள்வதை 2011இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணை முடிவுக்குக் கொண்டுவந்தது. அந்தச் சரக்கு எண்ணூருக்குப் போயிற்று. அதனால் ராயபுரம் மூச்சுவிட்டது என்றாலும், எண்ணூரிலும் மனிதர்கள்தான் வாழ்கிறார்கள். இந்திய நிலக்கரியை எரிக்கும் ஒரு 500 மெகாவாட் அலகு முழுச் சுமையில் ஓடினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 8,000 டன் கேட்கும். அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே வழியில் காற்றோடு போகிறது என்று வைத்துக்கொண்டாலும், அது ஒரு நாளைக்கு 800 கிலோ. இடமாற்றத்தால் தீராத இந்தக் கணக்கை இயந்திரத்தால்தான் தீர்க்க முடியும்.

நம் கடற்கரையில் பரவலாகப் பயன்படுவது கிராப் வகை இறக்கி. இரண்டு தாடைகள் கொண்ட வாளி கப்பலின் கிடங்குக்குள் இறங்கி, நிலக்கரியைக் கவ்வி, மேலே ஏறி, கரையிலுள்ள ஹாப்பர் எனும் புனல் வடிவத் தொட்டியின் மேல் திறந்து கொட்டுகிறது. தாடைகளுக்கு இடையில் ஒரு கல் சிக்கினாலே போதும், கிடங்கிலிருந்து ஹாப்பர் வரை வழிநெடுகச் சிந்திக்கொண்டே வரும். கொட்டும்போது எழும் தூசிப்படலம் கடற்காற்றில் எங்கே போகும் என்பது அன்றைய காற்றின் திசையைப் பொறுத்தது. ஹாப்பரைச் சுற்றித் தடுப்புச் சுவர் எழுப்பி, நீர் தெளிப்பான் வைத்து, ஓட்டுநர் பொறுமையாக இயக்கினால் நிலைமை கணிசமாக மேம்படும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கப்பலை விரைவாக விடுவிக்க வேண்டிய நெருக்கடியில் முதலில் பறிபோவது அந்தப் பொறுமைதான். கப்பலின் சொந்தக் கிரேனால் கொட்டி லாரியில் ஏற்றி அனுப்பும் முறையை மதிப்பிடவே தேவையில்லை; அதைக் கைவிடுவது ஒன்றே வழி.

திருகு வகை இறக்கி இந்தச் சிக்கலை அடியோடு வேறு விதமாக அணுகுகிறது. சுவீடனைச் சேர்ந்த சிவெர்டெல் நிறுவனம் 1970களில் இருந்து இதற்குப் பெயர் பெற்றது. ஒரு செங்குத்துக் குழாய். அதற்குள் சுழலும் நீண்ட திருகு. கீழ் முனையில் திருகுக்கு எதிர்த்திசையில் சுழலும் ஓர் ஊட்டு அமைப்பு. அந்த முனை நிலக்கரிக் குவியலுக்குள் புதைந்தபடியே வேலை செய்கிறது. எதிர்ச் சுழற்சி நிலக்கரியைக் குழாய்க்குள் தள்ள, திருகு அதை மேலே ஏற்றுகிறது. மேலே சென்றது கிடைமட்டக் கை வழியாக, மூடிய நிலையிலேயே, கரைக் கன்வேயரை அடைகிறது. கப்பலின் கிடங்கை விட்டு வெளியே வந்த பிறகு நிலக்கரி வெளிக்காற்றைக் காண்பதே இல்லை. பெரிய மாதிரிகள் மணிக்கு 2,000 டன்னுக்கும் மேல் இறக்கும் திறனுடன் கிடைக்கின்றன. கிராப் போல ஏறி இறங்கும் இடைவெளி இல்லாததால், அறிவிக்கப்பட்ட திறனுக்கும் கப்பல் முழுவதும் காலியாகும்வரை கிடைக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசமும் குறைவு. தூசிக்காக மட்டுமே இதை வாங்குவதாக எண்ணும் நிர்வாகங்கள் இந்தக் கூடுதல் பலனையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

குறைகளும் உண்டு. சங்கிலியில் கோத்த வாளிகளால் தொடர்ந்து அள்ளும் வாளிச் சங்கிலி வகை இறக்கியோடு ஒப்பிட்டால் ஒரு டன்னுக்குத் திருகு செலவழிக்கும் மின்சாரம் அதிகம். திருகின் விளிம்பும் குழாயின் உட்புறமும் ஓயாமல் உரசுகின்றன. கல்லும் மணலும் நிறைந்த, சாம்பல் மிகுந்த ஒடிசா நிலக்கரி, மென்மையான இந்தோனேசிய நிலக்கரியைவிட அந்த உலோகத்தை வேகமாகத் தின்றுவிடும். ஆகவே இறக்குமதி நிலக்கரியை வைத்துச் சொல்லப்படும் தேய்மானக் காலத்தை, ஒடிசாவின் பாரதீப் துறைமுகத்திலிருந்து வரும் சரக்குக்கு அப்படியே பொருத்தக் கூடாது. கிடங்கில் கிடக்கும் இரும்புக் கம்பியோ மரக்கட்டையோ உள்ளே போய்விட்டால் திருகு நின்றுவிடும். இரும்பைப் பிரிக்கும் காந்தம் கன்வேயரில், அதாவது இறக்கிக்குப் பின்னால்தான் இருக்கிறது. கிடங்கின் அடியில் எஞ்சும் கடைசி அடுக்கைக் கூட்டித் தருவதற்கு எந்த வகை இறக்கியானாலும் உள்ளே பேலோடர் எனும் அள்ளும் வண்டி ஒன்று இறங்கித்தான் ஆக வேண்டும், அந்த நேரத்தில் கிடங்குக்குள் தூசி எழத்தான் செய்யும்.

கரைக்கு வந்த நிலக்கரியைக் கொண்டுசெல்லும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது குழாய்க் கன்வேயர். ஜப்பானில் 1970களின் பிற்பகுதியில் உருவான இந்த முறையில், தட்டையான பெல்ட்டின் மேல் நிலக்கரி விழுந்த சிறிது தூரத்திலேயே பெல்ட்டின் இரு ஓரங்களும் வெற்றிலை மடிப்பதைப் போலச் சுருண்டு ஒன்றன்மேல் ஒன்று படிய, முழுப் பெல்ட்டும் குழாயாகிவிடுகிறது. அறுகோண வடிவில் அமைந்த ஆறு உருளைகள் அதை அந்த வடிவில் பிடித்து வைக்கின்றன. சாதாரணப் பெல்ட் ஏற முடியாத, 30 பாகை வரையிலான சரிவில் இது ஏறும், பக்கவாட்டில் வளையும். வளைய முடிவதன் பயன் பலருக்குப் புரிவதில்லை. சாதாரணக் கன்வேயர் திசை மாற வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஜங்ஷன் டவர் எழும். அங்கே ஒரு பெல்ட்டிலிருந்து மற்றொரு பெல்ட்டுக்கு நிலக்கரி பல மீட்டர் விழும். குழாய்க் கன்வேயர் ஊரையும் ஓடையையும் சுற்றி வளைந்து போய்விடுவதால் அந்த டவர்களே தேவைப்படாமல் போகின்றன. தூசியைப் பிடிப்பதைவிட அது பிறக்கும் இடத்தையே இல்லாமல் செய்வது மேல்.

இதைவிட முக்கியமானது திரும்பி வரும் பெல்ட். நிலக்கரியைக் கொட்டிவிட்டுத் திரும்பும் பெல்ட்டின் முகத்தில் ஒட்டியிருக்கும் நுண்துகள், ஒவ்வோர் உருளையைத் தொடும்போதும் கீழே உதிரும். மேலே தகடு போட்டு மூடிய கன்வேயர்களின் அடியில் கறுப்புக் கோடாகப் படிந்து கிடப்பது அதுதான்; மழை வந்தால் அது கால்வாய்க்கும் கழிமுகத்துக்கும் போகிறது. குழாய்க் கன்வேயரில் திரும்பும் பெல்ட்டையும் குழாயாகச் சுருட்டிவிடலாம். அழுக்கு முகம் உள்ளேயே இருக்கும். எண்ணூர் போன்ற உப்பங்கழிக் கரையில் இந்த ஒரு காரணத்துக்காகவே இதைப் பரிந்துரைப்பேன்.

ஆயினும் இது பராமரிப்பைக் கூர்ந்து கேட்கும் இயந்திரம். பெல்ட் தன் அச்சில் முறுக்கிக்கொண்டு ஓரங்கள் சேரும் இடம் பக்கவாட்டுக்கோ அடிக்கோ போய்விடுவது உண்டு. அப்படியே விட்டால் நிலக்கரி கசியும். பெரிய கட்டிகள் உள்ளே போகக் கூடாது. கட்டியின் அளவு குழாய் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். அளவுக்கு மீறி ஊட்டினால் குழாய் மூடாது, மூடினாலும் உருளைகள் உடையும். மின்செலவும் தட்டைப் பெல்ட்டைவிடக் கூடுதல்.

எவ்வளவு திட்டமிட்டாலும் சில விழும் இடங்கள் எஞ்சும். அங்கே உலர் மூடுபனி (dry fog) முறை நல்ல பலன் தருகிறது. அழுத்தக் காற்றால் 10 மைக்ரானுக்கும் குறைவான துளிகளாக உடைக்கப்படும் நீர், தன் அளவேயுள்ள தூசித் துகளோடு மோதி ஒட்டி அதைக் கீழே இறக்குகிறது. பெருந்துளிகளைச் சுற்றிக்கொண்டு காற்றோடு நழுவிவிடும் நுண்துகள் இதில் தப்புவது கடினம். நிலக்கரியில் சேரும் ஈரமும் மிகக் குறைவு. ஆனால் ஊசிமுனை போன்ற அந்த நாசில்களுக்குச் சுத்தமான நீர் வேண்டும். உப்பு நீரையோ கலங்கல் நீரையோ விட்டு, எல்லா நாசில்களும் அடைபட்ட நிலையில் அமைப்பு “இயக்கத்தில் உள்ளது” என்று பதிவேட்டில் எழுதப்படுவதை ஒரு நிலையத்தில் கண்டு வருந்தியிருக்கிறேன்.

மூடுவதற்கு ஒரு விலையும் உண்டு, அது தீ. ஈரமும் எளிதில் ஆவியாகும் பொருளும் மிகுந்த இந்தோனேசிய நிலக்கரி தானாகவே சூடேறிப் புகையும் இயல்புடையது. எளிதில் தீப்பற்றாத தர பெல்ட், கார்பன் மோனாக்சைடு உணர்கருவி, வெப்ப உணரிக் கம்பி ஆகியவை இல்லாமல் மூடிய அமைப்பை வாங்குவது ஆபத்தை வாங்குவதாகும்.

இறக்கும் முறையைச் சேமிப்பிலிருந்து பிரித்துப் பார்க்கவும் கூடாது. இலங்கையின் நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலையத்துக்கு வரும் நிலக்கரி, கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து படகுகளுக்கு மாற்றப்பட்டுக் கரைக்கு வருகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் படகு ஓடாது. எனவே அந்த மாதங்களுக்கு வேண்டிய நிலக்கரி முழுவதையும் முன்கூட்டியே திறந்தவெளியில் குவிக்க வேண்டியிருக்கிறது; அதே காற்று அந்தக் குவியலின் மேலும் வீசுகிறது. கரையில் எவ்வளவு நல்ல கன்வேயர் வைத்தாலும் இந்தக் குறையை அது ஈடுசெய்யாது.

ரயிலில் வரும் நிலக்கரிக்கு, வேகனையே கவிழ்க்கும் டிப்ளரைவிட அடிக்கதவு திறந்து கொட்டும் வேகன்கள் மேலானவை. விழும் உயரம் குறைவு, மூடுவதும் எளிது.

புதிதாக வாங்கும் நிலையம் கடலோரத்தில், குடியிருப்புக்கு அருகில், ஒரே வகை நிலக்கரியைத் தொடர்ந்து பெறுவதாக இருந்தால், திருகு இறக்கியும் குழாய்க் கன்வேயரும் சேர்ந்த அமைப்பு அதன் கூடுதல் விலைக்குத் தகுதியானது என்பதே என் முடிவு. பழைய நிலையங்கள் முதலில் பெல்ட்டில் ஒட்டியதைச் சுரண்டி எடுக்கும் ஸ்கிரேப்பர்களையும், நிலக்கரி விழும் சரிவுக் குழாய்களான சூட்களின் ஓர ரப்பர்களையும் சரிசெய்துவிட்டு, அதன்பின் புதிய இயந்திரத்தைப் பற்றி யோசிக்கட்டும். செலவு சிறியது, பலன் உடனே தெரியும். எப்படியாயினும் ஒப்பந்தத்தில் “தூசியற்றது” என்ற சொல்லை ஏற்காமல், ஒவ்வொரு விழும் இடத்திலும் முழுச் சுமையில், தங்கள் சொந்த நிலக்கரியில், கோடையின் வறண்ட நாளொன்றில் அளக்கப்படும் தூசி அளவை எழுதி வாங்க வேண்டும். ஓராண்டு ஓடிய பிறகு அதே இடங்களில் மறுபடியும் அளந்து காட்டும் வரை இறுதித் தவணையை நிறுத்தி வைக்கும் நிபந்தனையும் அதில் இருக்க வேண்டும்.