சிப்பைப் படித்தவர்கள் விலையைக் கோட்டைவிட்டார்கள்: ஒரு கேட்ரிட்ஜ் மதிப்பீட்டுச் சேவை

என்னிடமிருந்த மூன்று வீடியோ கேம் புரோட்டோடைப் கேட்ரிட்ஜ்களை, அதாவது விற்பனைக்கு வரும் முன் உருவான சோதனைப் பிரதிகளை, அவை உண்மையானவையா, என்ன பெறும் என்று சொல்லும் அஞ்சல்வழி மதிப்பீட்டுச் சேவை ஒன்றுக்கு அனுப்பியிருந்தேன். பதினோரு வாரங்கள் கழித்து அவை அறிக்கைகளோடு திரும்பி வந்தன. சொல்ல வேண்டிய குறைகள் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். பெயர் தெரியாவிட்டாலும், இத்தகைய சேவையிடம் எதை நம்பி ஒப்படைக்கலாம், எதை நாமே செய்துகொள்வது நல்லது என்பது வாசகருக்கு விளங்கும் என நினைக்கிறேன்.

நாம் சிறுவயதில் 'கேசட்' என்றே அழைத்துப் பழகிய கேட்ரிட்ஜுக்குள் ஒரு சர்க்யூட் போர்டும், அதன்மேல் விளையாட்டைச் சுமக்கும் சிப்பும் இருக்கும். கடையில் விற்றவற்றில் அந்தச் சிப்பின் உள்ளடக்கம் தொழிற்சாலையிலேயே நிரந்தரமாகப் பதிக்கப்பட்டிருக்கும். விளையாட்டு இன்னும் உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், வாராவாரம் மாறும் நிரலைச் சோதிக்கவும், பத்திரிகைகளின் விமர்சகர்களுக்கு முன்கூட்டியே கொடுக்கவும், அழித்து மீண்டும் எழுதக்கூடிய ஈப்ராம் சிப்புகளைப் பயன்படுத்தினார்கள். அந்தச் சிப்பின் நடுவே குவார்ட்ஸ் கண்ணாடியாலான சிறிய சாளரம் இருக்கும். புற ஊதா ஒளியை அதன் வழியே செலுத்தினால் எழுதியது அழிந்துவிடும். அழிப்பதற்கென்று வைத்த அந்தச் சாளரம்தான் சேகரிப்பாளருக்கு ஓயாத கவலை. மூடாமல் வைத்தால் நேரடி வெயிலில் ஏறத்தாழ ஒரு வாரத்திலும், குழல் விளக்கின் தொடர்ந்த ஒளியில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளிலும் அழிந்துபோகக்கூடும் என்று சிப் தயாரித்தவர்களின் தரவேடுகளே எச்சரிக்கின்றன. சாளரத்தை மூடி வைத்தாலும், எழுதியதைத் தாங்கி உள்ளே சிறைப்பட்டிருக்கும் மின்னூட்டம் பல பத்தாண்டுகளில் சிறிது சிறிதாகக் கசியத்தான் செய்யும்.

நான் அனுப்பிய முதல் கேட்ரிட்ஜ் சேகா மெகா டிரைவ் என்ற வீடியோ கேம் கருவிக்கான ஓர் ஓட்டப் பந்தய விளையாட்டு. பெயரைச் சொன்னாலும் பலருக்கு நினைவு வராது. மேலுறையின் ஒட்டுத்தாள் பாதி கிழிந்து, மீதிப் பாதியில் பேனாவால் எழுதிய ஒரு தேதி மங்கலாகத் தெரிந்தது. உள்ளே சாக்கெட்டுகளில் செருகப்பட்ட இரண்டு சிப்புகள், ஒவ்வொன்றும் 512 கிலோபைட். ஒன்றின் மேல் 'ஆட்' என்றும் மற்றதன் மேல் 'ஈவன்' என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மெகா டிரைவ் ஒரே வேளையில் 16 பிட்டுகளைப் படிக்கும் இயந்திரம். ஆகவே 8 பிட் சிப்புகள் இரண்டில் ஒற்றைப்படை பைட்டுகளையும் இரட்டைப்படை பைட்டுகளையும் தனித்தனியே பிரித்து எழுதுவார்கள். இரண்டையும் தனியாகப் படித்துப் பின்பு பைட்டுக்குப் பைட் கோத்தால்தான் முழு விளையாட்டும் கிடைக்கும்.

இந்த வேலையை அவர்கள் செய்திருந்த விதத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது. சாளரத்தின் மீதிருந்த பழைய ஒட்டுத்தாளைத் தொடாமல், சிப்பை மெல்ல நெம்பி எடுத்து, அடிப்பகுதியில் அச்சாகியிருந்த 9218 என்ற எண்ணைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். அது 1992ஆம் ஆண்டின் 18ஆம் வாரத்தில் உருவான சிப் என்பதைக் குறிக்கும். விளையாட்டின் தலைப்புத் தரவில் நிறுவனப் பெயருக்குப் பின்னால் ஆண்டும் மாதமும் எழுத்தாகவே பதிந்திருக்கும். அதில் 1992 ஆகஸ்ட் என்று இருந்தது. சிப்பின் வயது, நிரலின் தேதி, ஒட்டுத்தாளின் கையெழுத்து மூன்றும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. உள்ளடக்கம் பிழையின்றி இருக்கிறதா என்று சரிபார்க்க நிரலில் பதிந்திருந்த செக்சம் எண் உள்ளடக்கத்தோடு பொருந்தவில்லை என்பதையும் அறிக்கை பதிவு செய்திருந்தது. அனுபவமில்லாதவர் அதைச் சிப் கெட்டதன் அடையாளமாக எழுதியிருப்பார். உருவாக்கத்தின் நடுவில் இருந்த நிரலுக்கு அந்த எண்ணை யாரும் கணக்கிட்டு வைக்காமல் விடுவது வழக்கம் என்று இவர்கள் சரியாகவே குறித்திருந்தார்கள். விற்பனைப் பதிப்போடு ஒப்பிட்டு, இரண்டாவது தடத்தில் சுரங்கப்பாதை இன்னும் வரவில்லை என்றும், மூன்றாவது தடத்தில் முதல் தடத்தின் இசையே ஒலிக்கிறது என்றும் கண்டு சொல்லியிருந்தார்கள். ஆறு வருடங்களாக அதை வைத்திருந்த நான் சுரங்கப்பாதை இல்லாததைக் கவனித்ததே இல்லை.

இரண்டாவது, அட்டாரி 2600 என்ற பழைய கருவிக்கான கேட்ரிட்ஜ், மொத்தமே 4 கிலோபைட். ஈப்ராமுக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு சிப் இருப்பதைக் கண்டு பலரும் அதை மர்மமாகப் பேசுவதுண்டு. சிப்பை இயக்க அட்டாரி தரும் தேர்வுச் சமிக்ஞையும் சாதாரண ஈப்ராம் எதிர்பார்க்கும் சமிக்ஞையும் நேர் எதிரானவை என்பதால், அதைத் தலைகீழாக்கித் தருவதற்கான எளிய சிப் அது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. வழக்கமான மின்னழுத்தத்தில் ஐந்து முறை படித்தபோது இரண்டு பைட்டுகள் ஒவ்வொரு முறையும் மாறி மாறி வந்தன என்று அறிக்கை கூறியது. மின்னூட்டம் கசிந்த பிட் 0 ஆக இருந்ததிலிருந்து 1 பக்கமாகச் சாயும். மின்னழுத்தத்தைச் சற்றுக் குறைத்துப் படித்ததும் அந்த இரண்டும் நிலைத்து நின்றன. மொத்த உள்ளடக்கமும் விற்பனைப் பதிப்போடு ஒரு பைட் மாறாமல் ஒத்துப்போனது.

மூன்றாவது, 'மதர்' என்ற விளையாட்டின் ஆங்கில முன்மாதிரி என்ற பெயரில், ஏலத்தில் ஒரு குவியலோடு வந்து சேர்ந்தது. அது போலி என்று எனக்கு முன்பே சந்தேகம். 1989இல் ஜப்பானில் வெளிவந்த 'மதர்' விளையாட்டை நின்டெண்டோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து முடித்தும் வெளியிடாமல் விட்டது. அதன் முன்மாதிரி ஒன்று பின்னாளில் வெளிப்பட, 1998இல் ரசிகர்கள் சேர்ந்து 400 டாலர் திரட்டிக் கொடுத்து உள்ளடக்கத்தைப் பிரதியெடுத்தார்கள். உண்மையானதுதானா என்று நெடுங்காலம் ஐயுறப்பட்ட அந்த மொழிபெயர்ப்பைத்தான் நின்டெண்டோ 2015இல் 'எர்த்பவுண்ட் பிகினிங்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டது. பிரதியெடுத்த ரசிகர்கள் தலைப்புத் திரையில் 'சீரோ' என்ற சொல்லைத் தாங்களாகச் சேர்த்திருந்தார்கள். என் கேட்ரிட்ஜின் திரையிலும் அந்தச் 'சீரோ' பளிச்சென்று தெரிந்தது. நின்டெண்டோவின் அலுவலகத்தில் 1990இல் எழுதிய சிப்பில் 1998இல் பிறந்த சொல் இருக்க வழியில்லை. இதை ஒரே பத்தியில் எழுதி முடித்து, முழுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

என் மனத்தாங்கல் விலைப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. ஒட்டுத்தாள் கிழிந்திருந்ததற்காகப் பந்தய விளையாட்டுக்குக் குறைந்த தரப்புள்ளி. அட்டாரியின் மேலுறை கீறலின்றி இருந்ததற்காக அதற்கு அதிகப் புள்ளி. அந்தப் புள்ளிகளையே அடிப்படையாக வைத்து, விற்பனைப் பதிப்பிலிருந்து ஒரு பைட்டும் வேறுபடாத அட்டாரிக்கு, வேறெங்கும் காணக் கிடைக்காத ஒரு தடத்தைச் சுமந்திருக்கும் பந்தய விளையாட்டைவிட இரண்டு மடங்கு மதிப்பு போட்டிருந்தார்கள். பிரிக்கப்படாத பெட்டிகளின் சந்தையில் இது நியாயம். 2021இல் பிரிக்கப்படாத 'சூப்பர் மாரியோ 64' பிரதி ஒன்று 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனபோது, லட்சக்கணக்கில் அச்சான அந்த விளையாட்டில் விலை பெற்றது பெட்டியின் நிலைதான். புரோட்டோடைப்பில் கணக்கு வேறு. வெளிவராமலே போன விளையாட்டு எல்லாவற்றுக்கும் மேலே. கட்டங்களோ பாத்திரங்களோ மாறியிருக்கும் இடைநிலைப் பதிப்பு அடுத்தது. விமர்சகருக்குப் போன, விற்பனைப் பதிப்போடு ஒத்த பிரதி அதற்கும் கீழே. முன்பே பிரதியெடுத்துப் பொதுவெளியில் வந்துவிட்டதா என்பதும் விலையை அசைக்கும். இவை அனைத்தையும் கண்டறிந்து எழுதிய அதே நிறுவனம் விலையைப் போடும்போது அவற்றை ஒதுக்கிவிட்டுப் பசையையும் காகிதத்தையும் எடை போட்டிருக்கிறது. அறிக்கையை எழுதியவரும் விலையைப் போட்டவரும் ஒரே ஆள் அல்லர் என்றே நினைக்கிறேன்.

அதைவிடப் பெரிய குறை அந்தப் பிளாஸ்டிக் உறை. மதிப்பிட்ட கேட்ரிட்ஜை ஒளி ஊடுருவும் கெட்டியான பெட்டிக்குள் வைத்து, விளிம்பை மீஒலி முறையில் உருக்கி ஒட்டி, தரப்புள்ளியை மேலே பதித்துத் திருப்பி அனுப்புகிறார்கள். பெட்டியைத் திறந்தால் சான்று செல்லாது. அலமாரியில் நிறுத்திப் பார்க்கும் பொருளுக்கு இது பொருத்தமாக இருக்கலாம். இரண்டு பைட்டுகள் தள்ளாடுகின்றன என்று அவர்களே எழுத்தில் கொடுத்த சிப்பை, இனி யாரும் படிக்கவே முடியாதபடி பூட்டிக் கொடுப்பதை என்னவென்று சொல்வது? வேறொரு சேகரிப்பாளர் அதை வாங்க வந்தால், உள்ளே எழுத்து இன்னும் இருக்கிறதா என்று சோதிக்க வழியின்றி, வெளியிலுள்ள எண்ணை நம்பித்தான் பணம் தர வேண்டும்.

பொதி கட்டிய விதமும் தொடர்ந்து வந்த தகவல்களும் ஒழுங்காகவே இருந்தன. சிப்பிலிருந்து படித்த கோப்புகள் மூன்றையும் எனக்கு மட்டும் அனுப்பினார்கள். என் ஒப்புதலின்றி எங்கும் வெளியிட மாட்டோம் என்று எழுத்தில் தந்தார்கள். பந்தய விளையாட்டின் கோப்பை நானாகவே பழைய விளையாட்டுகளைப் பாதுகாக்கும் ஆர்வலர்களிடம் கொடுத்துவிட்டேன். அதனால் விலை சற்று இறங்கினாலும் பரவாயில்லை.

அட்டாரியின் பெட்டியை ஹேக்சா பிளேடால் நாற்பது நிமிடம் அறுத்துத் திறந்தேன். கேட்ரிட்ஜைக் கழற்றிப் படித்தபோது, 4,096 பைட்டுகளும் அவர்கள் அனுப்பிய கோப்போடு பொருந்தின. சாளரத்தின் மேல் ஒளி புகாத கறுப்பு ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டி, சாதாரண அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். விண்ணப்பப் படிவத்தின் நான்காம் பக்கத்தில், கட்டண விவரங்களுக்குக் கீழே, உறை வேண்டாம் என்று குறிப்பதற்கு ஒரு சிறிய கட்டம் இருந்ததை அதன் பிறகுதான் பார்த்தேன். அனுப்புகிறவர்கள் அதில் முதலில் டிக் போட்டுவிடுங்கள்.