‘டீக் ஃபினிஷ்’ கட்டிலும் என் 18,500 ரூபாயும்

முதல் குழந்தைக்காக அறையை ஜோடிக்கும் ஆசையில் இருக்கிறவர்கள், குறிப்பாக இன்ஸ்டாகிராமில் ‘நர்சரி காம்போ’வுக்கு அட்வான்ஸ் அனுப்பப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

எங்களுக்குக் கோவையில் வாடகை வீடு. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் மனைவி பொள்ளாச்சியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். தனியாக இருந்தவனுக்கு ராத்திரி போனைத் தேய்ப்பதுதான் வேலை. மொத்தம் 25,000 ரூபாய் ஒதுக்கியிருந்தேன். துணிமணிக்குக் கவலையில்லை, திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றினால் பை நிறைந்துவிடும். குளியல் டப்பும் கொசுவலையும் அக்கா வீட்டிலிருந்து வந்தன. பாக்கி கட்டில்தான்.

இன்ஸ்டாகிராமில் ஒரு கடையின் பக்கத்தில் ஒரு படம். வெள்ளைச் சுவர், ஒட்டகச்சிவிங்கி ஸ்டிக்கர், தேன் நிறக் கட்டில், மூலையில் காது மடங்கிய ஒரு கரடி பொம்மை. கட்டில், மெத்தை, உள்பக்கம் சுற்றிக் கட்டும் பஞ்சு பம்பர், தலைக்கு மேல் சுழலும் பொம்மை, ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்து 18,500. ‘டீக் ஃபினிஷ்’ என்று போட்டிருந்தது. டீக் மட்டும்தான் என் கண்ணில் பட்டது. தேக்கு நிறத்தில் பெயிண்ட் அடித்தது என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்வேன்.

பாதிப் பணம் முன்னால், ஜிபேயில், ஏதோ தனியாள் பெயருக்கு. பில் கேட்டேன். “பார்சலோட வரும் சார்.” ஏழு நாள் என்றது 23 நாள் ஆனது. மீதியைக் கட்டினால்தான் லாரி ஆபீசில் போடுவோம் என்றார்கள், அதையும் கட்டினேன். வந்த பெட்டியில் பில் இல்லை. ஸ்க்ரூவில் இரண்டு குறைவு. அறை முழுக்க வார்னிஷ் நெடி. என்ன பெயிண்ட் என்று கேட்டதற்கு “நான்-டாக்ஸிக் சார்” என்று ஒரு வரி, ஒரு ஸ்மைலி. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கை, தாண்டக் கூடாது என்று 2017 நவம்பர் முதல் நம் நாட்டில் சட்டமே இருக்கிறது. எந்தக் கம்பெனி பெயிண்ட் என்று கேட்டிருக்க வேண்டும். எனக்கு அந்த ஸ்மைலியே போதுமானதாக இருந்தது.

கட்டிலைப் பூட்டி நிறுத்தினேன், படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினேன், அறையைச் சாத்தினேன். நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான். குழந்தை பொள்ளாச்சியில் பிறந்து, கோவைக்கு வந்தபோது ஐந்தாவது மாதம். அதுவரை அந்தக் கட்டிலில் படுத்துப் பார்க்க ஆளே இல்லை. பிறப்பதற்கு முன்னால் எதையும் வாங்காதே என்று பாட்டி சொன்னபோது மூடநம்பிக்கை என்று சிரித்தவன் நான்.

கூட வந்த அத்தை காபி டம்ளரும் கையுமாக அறையைப் பார்க்க வந்தார். கட்டிலைச் சுற்றி ஒருமுறை நடந்தார். மிச்சக் காபியைக் குடித்துவிட்டு, காலி டம்ளரைக் கம்பிகளுக்கு நடுவே விட்டார். அது எங்கும் இடிக்காமல் உள்ளே போய் மெத்தையில் விழுந்தது.

“மாப்பிள்ளை, டம்ளர் போற சந்துல புள்ளையோட காலும் இடுப்பும் போகாதுங்களா? அப்புறம் தல மட்டும் நிக்குமுங்க.”

ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 8 சென்டிமீட்டர். அமெரிக்காவில் கட்டில் கம்பிகளுக்கு நடுவே ஏறத்தாழ 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. அத்தைக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது, டம்ளர் தெரிந்தது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தாலே ஜாஸ்தி; இதில் என் நான்கு விரலும் போயின. பக்கவாட்டுக் கதவு மேலும் கீழும் இறங்குவதைத் தனிச் சிறப்பாக விளம்பரம் செய்திருந்தார்கள். கொஞ்சம் சாய்ந்தால் கொக்கி கழன்றது. இப்படி இறங்கும் பக்கக் கதவு வைத்த கட்டில்களை, முப்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த பிறகு, அமெரிக்காவில் 2011இலேயே தடை செய்துவிட்டார்கள். பம்பரும் 2022இல் அங்கே தடை; முகம் அதில் புதைந்தால் குழந்தைக்கு மூச்சு முட்டும். நான் அதற்குத் தனியாக 1,200 கொடுத்து யானைப் படம் போட்டது கேட்டு வாங்கியிருந்தேன்.

அடிப்பலகை சுத்தமான மரத்தூள் பலகை. ஜன்னல் சாரல் பட்ட ஓரம் நனைந்த ரஸ்க் மாதிரி உப்பி, விரல் வைத்தால் உதிர்ந்தது. இலவசமாக வந்த பிளாஸ்டிக் கிலுகிலுப்பையில் ஐஎஸ்ஐ முத்திரை இல்லை. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு அது கட்டாயம். ஸ்டிக்கர் கதை தனி. ஒட்டகச்சிவிங்கியை உரித்தபோது ஹவுஸ் ஓனரின் டிஸ்டெம்பரும் அதே வடிவத்தில் கூடவே வந்தது. அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பார் என்று இன்னும் கேட்கவில்லை.

விற்றவருக்கு போன் செய்தேன். “அஞ்சு மாசம் யூஸ் பண்ணிட்டு ரிட்டர்ன் கேக்கறீங்களே சார்!” யூஸ் பண்ண வேண்டியவன் அன்றைக்குத்தான் ஊருக்குள் வந்திருந்தான் என்றால் அவர் நம்பவில்லை.

அதற்கப்புறம்தான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். அந்த முப்பது நாளில் நான் கட்டிலைத் துடைத்துக்கூடப் பார்க்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடித்தேன், பொறுமையாகத்தான் பேசினார்கள், புகாரைப் பதிந்தார்கள். கடை முகவரியும் பில்லும் கேட்டார்கள். என்னிடம் ஒரு போன் நம்பரும் ஜிபே பெயரும்தான் இருந்தன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை வழக்குக் கட்டணம் கிடையாது, சரி. நோட்டீஸ் அனுப்ப ஒரு முகவரி வேண்டுமே. ஆணையத்துக்குப் போவேன் என்று மெசேஜ் போட்டதும் 3,000 ரூபாய் வந்தது. அடுத்த நிமிடம் என்னை பிளாக் செய்துவிட்டார்.

ஆகவே வாங்குகிறவர்கள் முகவரியோடு பில் வாங்கிவிட்டுப் பணம் அனுப்புங்கள். பெட்டியை வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். குழந்தை பிறக்கவில்லையென்றாலும் அன்றைக்கே டம்ளரை விட்டுப் பாருங்கள், பக்கக் கதவில் உங்கள் எடையைக் கொடுத்துச் சாயுங்கள். முடிந்தால் கட்டிலைக் குழந்தை வந்த பிறகே வாங்குங்கள். எங்கள் வீட்டில் தரையில் கோரைப்பாய், மேலே மடித்த பருத்திப் புடவை, அதன்மேல் கொசுவலை. அவன் நன்றாகவே தூங்குகிறான். கட்டில் கம்பிகளில் அவன் துணிகள் காய்கின்றன.

நேற்று மனைவியின் போனில் அதே படத்தைப் பார்த்தேன். பக்கத்தின் பெயர் வேறு, விலை 19,999ஐ அடித்து 17,999. மூலையில் அதே காது மடங்கிய கரடி.